கல்லூரிக் கைப்பந்துப் பயிற்சியாளர் ஆக விரும்பும் மகள்: டெக்சாஸ் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

டெக்சாஸில் மூன்றாம் ஆண்டு உயிரியல் படித்துக்கொண்டே கல்லூரி அணியில் லிபரோவாக (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரராக) ஆடிவரும் உங்கள் மகள், மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுத் தயாரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு கல்லூரிக் கைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆவதே தன் இலக்கு என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது நிலையான வேலையா, வாழப் போதுமான வருமானம் வருமா, ஒரு பெண்ணுக்கு அதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றுக்கு முன்பாக நீங்களும் உங்கள் மகளும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி வேறொன்று. தலைமைப் பயிற்சியாளர் நாற்காலிக்கு வருவதற்கு முன் உதவிப் பயிற்சியாளராக அவர் கழிக்க வேண்டிய ஏழெட்டு ஆண்டுகளை எங்கே, யாரிடம், எந்த வருமானத்தில் கழிக்கப் போகிறார்? இந்தத் தொழிலில் நிலைத்தவர்களையும் பாதியில் விலகியவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் அந்த ஆண்டுகள்தான்.

முதலில், வேலை எப்படிப்பட்டது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்க் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். எல்லா விளையாட்டுகளையும் அவரே பார்த்துக்கொள்வார். அது பேராசிரியர் பணியைப் போன்ற நிரந்தரப் பணி. அமெரிக்கக் கல்லூரியில் அப்படியில்லை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித் தலைமைப் பயிற்சியாளர் உண்டு. அவர் ஒப்பந்தத்தில் பணியாற்றுபவர். அணி தொடர்ந்து தோற்றால் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அவரை விடுவித்துவிடவும் செய்வார்கள். மைதானத்தில் நின்று ஆட்டம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. உதவியாளர்களை நியமிப்பது, பயணச் செலவுக்கு நிதி ஒதுக்குவது, வீராங்கனைகளின் மதிப்பெண்களையும் காயங்களையும் மனநலத்தையும் கவனிப்பது, முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை கேட்பது ஆகிய எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டுகளுக்கான வீராங்கனைகளைத் தேடிச் சேர்ப்பதுதான் அவருடைய முதல் வேலை என்றே சொல்லலாம். போட்டிப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆள் சேர்க்கும் பருவத்துக்கோ முடிவே கிடையாது. பத்தாம் வகுப்பை முடித்த மாணவிகளை ஜூன் 15 முதல் நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனின் விதி. ஆகவே அந்த நாளுக்கு முன்பே, வார இறுதிகளில் பெரிய அரங்குகளில் நடக்கும் கிளப் போட்டிகளில் உட்கார்ந்து, பதினைந்து வயதுச் சிறுமிகள் பந்தை எப்படி எடுக்கிறார்கள் என்பதையும், தோற்ற புள்ளிக்குப் பிறகு தோழியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது மாணவிகள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறிக்கொள்ளலாம் என்பதால், தன்னிடம் இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்வதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தனி வேலையாகிவிட்டது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பந்து அணிகள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது முதல் டிவிஷனில் உள்ள முந்நூற்றுச் சொச்சம் அணிகளில் சிலவற்றை மட்டுமே. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் கால்பந்து மைதானத்தில் நடந்த கைப்பந்து ஆட்டத்தை 92,003 பேர் பார்த்தார்கள். அந்தக் காட்சி உங்கள் மகளின் மனத்திலும் பதிந்திருக்கலாம். இந்த ஆட்டம் வளர்ந்துகொண்டிருப்பதும் உண்மைதான். ஆனால் வேலைகளில் பெரும்பகுதி, விளையாட்டுக்கென்று உதவித்தொகையே வழங்காத மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளிலும் அதுபோன்ற சிறிய ஊர்க் கல்லூரிகளிலும்தான் இருக்கிறது. அங்கே தலைமைப் பயிற்சியாளரே வகுப்பும் எடுப்பார், சீருடை வாங்குவதையும் பார்ப்பார். அந்த வாழ்க்கையையும் விரும்புவாரா என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

உதவிப் பயிற்சியாளரின் நாள் எப்படி இருக்கும் என்பதை அவருக்கு அருகில் காட்ட வேண்டும். வெளியூரில் ஆட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது வீராங்கனைகள் தூங்குவார்கள். உதவியாளர் மடிக்கணினியைத் திறந்து, முடிந்த ஆட்டத்தில் பந்து தொடப்பட்ட ஒவ்வொரு முறையையும் குறித்துக்கொண்டிருப்பார். எதிரணியின் சர்வீஸை எடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் மூன்று முதல் பூஜ்யம் வரை மதிப்பெண் தருவது பரவலாக உள்ள வழக்கம். பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் தன் இடத்தை விட்டு அசையாமல், பந்தை அடிக்கும் எந்த அட்டாக்கருக்கும் கொடுக்க முடிந்தால் மூன்று. ஓரிரு அடி நகர்ந்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி மிச்சமிருந்தால் இரண்டு. ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஒன்று. நேராகப் புள்ளியை இழந்தால் பூஜ்யம். இப்படிக் குறித்த பிறகுதான், வீராங்கனைகள் இடம் மாறி நிற்கும் ஆறு சுழற்சிகளில் எந்தச் சுழற்சியில் தங்கள் அணி புள்ளிகளைக் கொட்டுகிறது, அதில் யாரைக் குறிவைத்து எதிரணி சர்வீஸ் போடுகிறது என்பதெல்லாம் தெரியவரும். மறுநாள் காலை பத்து நிமிடத்துக்குள் தலைமைப் பயிற்சியாளரிடம் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். இந்த வேலையில் அலுப்புக்குப் பதிலாக ஆர்வம் எழுமானால் அது மிக நல்ல அறிகுறி. உங்கள் மகள் லிபரோ என்பதும் சாதகமே. பின்வரிசையில் நின்று எதிரணி அட்டாக்கரின் தோளையும் கையையும் படித்துப் பழகியவருக்கு, ஆட்டத்தை முழுதாகப் பார்க்கும் கண் முன்பே பாதி அமைந்திருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம் டேனி பஸ்பூம் கெல்லி. நெப்ராஸ்கா அணியில் செட்டராக இருந்து லிபரோவாக மாறி, 2006-இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடியவர். ஆட்டத்தை முடித்தபின் பல ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2017-இல்தான் லூயிவில் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணியை இரண்டு முறை தேசிய இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச்சென்று, 2025-இல் தான் ஆடிய நெப்ராஸ்காவுக்கே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். வீராங்கனையாகப் பட்டம் வென்றதற்கும் முதல் தலைமைப் பொறுப்புக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருப்பதைக் கவனியுங்கள். அவருக்கு முன் நெப்ராஸ்காவில் 25 பருவங்கள் இருந்து நான்கு தேசியப் பட்டங்கள் வென்ற ஜான் குக்கின் பாதையும் நேர்க்கோடு அல்ல. விஸ்கான்சினில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், 1999-இல் அதை விட்டுவிட்டு நெப்ராஸ்காவில் டெர்ரி பெட்டிட்டின் கீழ் உதவிப் பொறுப்புக்கு வந்தார்; அடுத்த ஆண்டே அணியை ஏற்று முதல் பட்டத்தையும் வென்றார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரஸ் ரோஸ் 1979-இல் இருபத்தைந்து வயதில் பொறுப்பேற்று 2021 வரை ஒரே இடத்தில் இருந்து ஏழு பட்டங்கள் வென்றார் என்பதும் உண்மை. ஆனால் பெண்கள் கல்லூரி விளையாட்டு அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த காலத்தின் கதை அது. இன்று இருபத்தைந்து வயதில் அப்படியொரு பெரிய அணி கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம்.

ஒரு பெண்ணுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்விக்கு நான் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972-இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். சட்டத்தால் அணிகளும் சம்பளமும் பெருகின. பயிற்சியாளர்களில் பெண்களின் பங்கோ குறைந்து, இன்று பாதிக்கும் கீழே இருக்கிறது. பெண்கள் கைப்பந்துக்கான என்.சி.ஏ.ஏ. போட்டி 1981-இல் தொடங்கியது. முதல் டிவிஷன் பட்டத்தை ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் வென்றது 2024 டிசம்பரில்தான். வென்றவர் பென் ஸ்டேட்டின் கேட்டி ஷூமாக்கர்-காலி; மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே அந்தப் பருவத்தில் அணியை நடத்தினார். இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றதும் மேலே சொன்ன பஸ்பூம் கெல்லியின் லூயிவில் அணியே. ஷூமாக்கர்-காலியும் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, ரோஸிடம் உதவியாளராகத் திரும்பி வந்தவர்தான். கதவு திறந்திருக்கிறது, ஆனால் வார இறுதிப் பயணங்களும் குழந்தை வளர்ப்பும் மோதும் இடத்தில் பல திறமையான பெண்கள் வெளியேறுவதும் தொடர்கிறது. ஆகவே உங்கள் மகள் உதவியாளராகச் சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பட்டங்களின் எண்ணிக்கையைவிட, அந்தத் தலைமைப் பயிற்சியாளரிடம் வேலை பார்த்த பெண்களில் எத்தனை பேர் பிறகு தலைமைப் பொறுப்புக்குப் போனார்கள் என்று விசாரிப்பது முக்கியம்.

வருமானத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி, எல்லா விளையாட்டுகளின் பயிற்சியாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் இருப்பவரின் ஊதியம் (மீடியன்) ஆண்டுக்கு 45,000 டாலரை ஒட்டி இருக்கிறது. உச்சியில் உள்ள சிலருக்கு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டிய ஒப்பந்தங்கள் உண்டு. அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பட்டப்படிப்பு முடிந்ததும் பலர் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்' ஆகச் சேருகிறார்கள். முதுகலைக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டு கைச்செலவுக்கு ஒரு தொகை தரும். முன்பு முதல் டிவிஷனில் ஊதியமே இல்லாத 'வாலன்டியர் கோச்' என்ற நிலை இருந்தது. 2023 ஜூலையில் அது நீக்கப்பட்டது நல்ல மாற்றம். ஆயினும் முதல் சில ஆண்டுகளில் கோடை முகாம்களிலும் கிளப் அணிகளிலும் கிடைக்கும் பணத்தைச் சேர்த்தால்தான் வாடகை சமாளிக்க முடியும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் உதவியாளர்களும் பெரும்பாலும் வெளியேற வேண்டியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநிலம் மாறுவது இங்கே சகஜம். அதைத் தோல்வி என்று உறவினர்களிடம் சொல்லி வருந்த வேண்டியதில்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரத் தொடங்கியிருக்கின்றன. அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கன் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போவதால், மற்ற விளையாட்டுகளின் நிதியில் இறுக்கம் வரலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் குடும்பத்தின் குடியேற்ற நிலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். மகள் கிரீன் கார்டு பெற்றவரோ குடிமகளோ என்றால் கவலையில்லை. நீங்கள் எச்-1பி விசாவிலும் அவர் எச்-4 விசாவிலும் இருந்தால், 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பட்டம் முடிந்தபின் ஓபிடி எனப்படும் மாணவர் வேலை அனுமதியில் 12 மாதங்கள்தான் வேலை பார்க்கலாம். விளையாட்டு மேலாண்மைப் பட்டத்துக்கு அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதங்கள் கிடையாது. பல்கலைக்கழகங்கள் எச்-1பி குலுக்கலுக்கு உட்படாதவை என்பது ஆறுதலான செய்தி; ஆனால் குறைந்த ஊதியத்தில் உள்ள ஓர் உதவிப் பயிற்சியாளருக்காக அந்தச் செலவை ஏற்க எல்லாக் கல்லூரிகளும் முன்வருவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு, முதுகலையில் புள்ளியியலையோ தரவுப் பகுப்பாய்வையோ எடுத்துப் படிக்கும்படி நான் வற்புறுத்திச் சொல்வேன். அணிகளுக்கும் அந்தத் திறன் தேவை. விசாவுக்கும் காலம் கிடைக்கும்.

உயிரியல் பட்டத்தை எக்காரணம் கொண்டும் பாதியில் விட வேண்டாம். டெக்சாஸில் அரசுப் பள்ளிக் கைப்பந்துப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முழுநேர ஆசிரியர்கள். அறிவியல் ஆசிரியருக்கான சான்றிதழும் ஆட்ட அனுபவமும் சேர்ந்தால் ஓய்வூதியத்துடன் கூடிய ஒரு கௌரவமான மாற்றுவழி கையில் இருக்கும். ஜான் குக்கும் பள்ளிப் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர்தான். இதை இரண்டாந்தரமான ஏற்பாடாக மகளிடம் பேசாதீர்கள். அதோடு, மருத்துவத் தேர்வை முதலில் எழுதிவிடு, பிறகு பார்க்கலாம் என்று பேரம் பேசுவதும் பயன் தராது. இரண்டுக்கும் தேவையான கோடைக்காலம் ஒன்றே. அதற்குப் பதிலாக ஒரு காலவரம்பை இருவரும் ஒப்புக்கொள்ளலாம். பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள், வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புடன் கூடிய முழுநேர உதவிப் பயிற்சியாளர் பணி கிடைக்கவில்லையென்றால், இருவரும் உட்கார்ந்து மறுபடி பேசுவது என்று.

இப்போது செய்ய வேண்டியவை சில உண்டு. வரும் கோடையில் தன் கல்லூரியில் மட்டுமின்றி வேறொரு பல்கலைக்கழகத்தின் முகாமிலும் சிறுமிகளுக்குப் பயிற்சி அளிக்கட்டும். ஊதியம் பெறுவது தன் ஆட்டத் தகுதியைப் பாதிக்குமா என்று கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். தன் தலைமைப் பயிற்சியாளரிடம் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்லி, அடுத்த பருவத்தில் எதிரணிகளின் காணொளிகளைக் குறிக்கும் வேலையில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கட்டும். இத்தொழிலில் முதல் வேலை, விளம்பரத்தைவிட, பயிற்சியாளர் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பால்தான் அதிகம் கிடைக்கிறது. 1981-இல் தொடங்கிய அமெரிக்கக் கைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம், டிசம்பரில் தேசிய இறுதிச் சுற்று நடக்கும் நகரத்திலேயே தன் ஆண்டு மாநாட்டையும் நடத்துகிறது. காலியிடங்கள் பற்றிய பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கும். இறுதியாண்டு டிசம்பரில் மகள் அங்கே இருப்பதற்கான பயணச் செலவை உங்கள் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்து விசா நிலையை உறுதிசெய்துகொண்டு, முதுகலைக்கு அவர் எண்ணியிருக்கும் ஐந்தாறு கல்லூரிகளின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றின் பயிற்சிக் குழுவையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.