தொண்டை வறண்ட தாகம்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் நண்பர் ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் பேராயர்களைக் கூட்டி, அதுவரை வெறும் தீர்க்கதரிசியாக இருந்த இயேசுவைக் கடவுளாக்கினார் என்றும், வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்தார் என்றும் அதில் சொல்கிறார்கள். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று அவரே சொல்லியிருக்கும்போது அவரை எப்படிக் கடவுள் என்கிறீர்கள் என்று நண்பர் கேட்டார். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் ஜெபித்தது யாரிடம், தம்மிடமேவா என்றும் கேட்டார். அங்கே அவருக்கு உண்டான பயமும் வியர்வையும் நமக்காக அவர் செய்து காட்டியவை, கடவுளுக்கு ஏது பயம் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் கற்றுத் தந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நிசேயாவைப் பற்றிய கேள்வி எனக்கு மாதம் ஒருமுறையாவது வருகிறது; பெரும்பாலும் நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள்தான் என்னை எழுத வைத்தன. இந்தத் தவக்காலம் முழுவதும் நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தில் நீங்கள் தெரியாமல் கை வைத்துவிட்டீர்கள்.

முதலில் நிசேயாவை முடித்துவிடுகிறேன். இன்று துருக்கியில் இஸ்னிக் என்று வழங்கும் அந்த ஊர் பழைய பித்தினியாவைச் சேர்ந்தது. ஏறக்குறைய கி.பி. 112-இல் அந்த மாகாணத்தை ஆண்ட பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. தாம் விசாரித்த கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு பாடிவந்ததாக ஒப்புக்கொண்டார்கள் என்று அதில் எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர், கிறிஸ்தவர்களுக்கு மரண தண்டனை விதித்த அதிகாரி. அவர் அதை எழுதியபோது கான்ஸ்டன்டைன் பிறக்க இன்னும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இனி, நிசேயாவில் எதிர்த்தரப்பில் நின்ற அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸ் இயேசுவை வெறும் தீர்க்கதரிசி என்றா சொன்னார்? உலகங்களுக்கு முன்பே குமாரன் இருந்தார், அவர் வழியாகவே எல்லாம் படைக்கப்பட்டன என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் குமாரனும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். சபை அதை மறுத்து, குமாரன் தந்தையோடு ஒரே பொருளானவர், அதாவது அதே தெய்வத்தன்மை உடையவர், என்று அறிக்கையிட்டது. பேரரசரின் விருப்பத்துக்காகத்தான் இது நடந்தது என்றால், அதே கான்ஸ்டன்டைன் பிற்பாடு ஆரியுஸை நாடுகடத்தலிலிருந்து திரும்ப அழைத்ததையும், 337-இல் மரணப்படுக்கையில் ஆரியுஸின் ஆதரவாளரான பேராயரிடம் ஞானஸ்நானம் பெற்றதையும், நிசேயாவுக்காக நின்ற அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? வேதாகமப் புத்தகங்களை அங்கே தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் பிழை. அந்தப் பேராயர் சங்கம் இயற்றிய இருபது விதிகளில் புத்தகப் பட்டியல் எதுவும் இல்லை.

இவ்வளவையும் நீங்களே ஒரு நாள் மாலையில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம், தம்பி. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்களுக்குப் பிறகு உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு பக்கமும் படிக்காமல் இருந்துவிட்டு, ஒரு காணொளியைக் கண்டதும் தடுமாறுவது உங்கள் படிப்புக்கு அழகல்ல.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். நண்பர் சிரித்ததில் பிழை காண முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் சொன்ன பதில்தான் பிழை. கெத்செமனேயில் அவர் பயந்தது நமக்காகச் செய்து காட்டியது என்பது கிறிஸ்தவ போதனையே அல்ல. சபை தன் முதல் நூற்றாண்டிலேயே எதிர்த்து நின்ற போதனை அது. நம்மில் பலரும் அறியாத ஒன்று இதில் இருக்கிறது. மிகப் பழைய காலத்திலேயே சபை கண்ணீரோடு நடத்திய சண்டைகளில் ஒன்று, இயேசு கடவுளா என்பதைப் பற்றியது அன்று, அவர் மெய்யாகவே மனிதரா என்பதைப் பற்றியது. அவர் உடல் வெறும் தோற்றம், அவர் பட்ட பாடு வெறும் தோற்றம், தெய்வம் நோகாது என்று சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கை பண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று யோவான் தம் முதல் நிருபத்தில் எழுதியது அதனால்தான். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னாசியுஸ், ரோமில் மரணத்தை எதிர்பார்த்து விலங்கிட்டு இழுத்துச் செல்லப்பட்ட வழியில் எழுதிய கடிதங்களில், அவர் பாடுபட்டது தோற்றம் மட்டுமே என்றால் நான் எதற்காக இந்த விலங்கில் கிடக்கிறேன் என்று கேட்கிறார். செய்து காட்டிய பாடுகளுக்காக எந்த மனிதனும் மெய்யான மரணத்தை நோக்கி நடக்கமாட்டான்.

என் தாத்தா தேரிக்காட்டு ஓரத்துக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். கோடையில் கிணறுகள் வற்றி, பெண்கள் இரண்டு மைல் நடந்து குடத்தில் உப்புத் தண்ணீர் கொண்டுவந்த ஊர் அது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தையை, "தாகமாயிருக்கிறேன்" என்பதை, அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆத்துமாக்கள் மேல் ஆண்டவருக்கு இருந்த தாகம் என்றுதான் அந்த வார்த்தையை எல்லோரும் பிரசங்கிப்பார்கள். இன்றும் அப்படித்தான் பிரசங்கிக்கிறார்கள். தாத்தா அன்று இருபது நிமிடமும் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசினார். இரவு முழுவதும் விசாரணை, பிறகு சவுக்கடி, இரத்தம் போனது, வெயில், இப்படிப்பட்ட உடம்பில் நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொள்ளும், அவர் கேட்டது தண்ணீர் என்றார். முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆராதனை முடிந்ததும் சபையின் பெரியவர் ஒருவர் அவரை வேப்பமரத்தடிக்கு அழைத்து, ஆண்டவரைச் சாதாரண மனுஷனாக்கிவிட்டீர்களே என்று கடிந்துகொண்டார். அதற்குப் பிறகு தாத்தாவுக்கு ஐந்தாம் வார்த்தை ஒருபோதும் கொடுக்கப்படவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் சொல்லும் உங்கள் வாலிபர் கூட்டத்தின் பாடமும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன என்பதால் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

பக்தியின் பெயரால் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. லவோதிக்கேயாவின் பேராயர் அப்பொல்லினாரியுஸ் நிசேயாவை முழுமனதோடு ஏற்றவர், அத்தனாசியுஸின் நண்பர். கிறிஸ்துவின் தெய்வீகத்தைக் காப்பாற்ற நினைத்து, அவருக்கு மனித உடல் இருந்தது, ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் தெய்வ வார்த்தையான குமாரனே இருந்தார் என்றார். 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அதைக் கண்டித்தது. எதை அவர் தம்மேல் ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்பது அக்காலத்துப் பேராயர் நசியான்சுவின் கிரகோரியார் இதற்குச் சொன்ன பதில். அவருக்கு மனித மனம் இல்லையென்றால் நடுராத்திரியில் திகிலடையும் நம்முடைய மனத்தை அவர் தொடவே இல்லை. 451-இல் கல்சிதோன் சங்கம், நிசேயாவின் அதே சொல்லை இருபக்கமும் வைத்தது. தெய்வத்தன்மையில் தந்தையோடு ஒரே பொருளானவர், மனிதத்தன்மையில் நம்மோடு ஒரே பொருளானவர், பாவம் ஒன்று நீங்கலாக எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர். நம் ஆலயங்களில் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்கிறோம். இரண்டாம் பாதியைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

கெத்செமனேக்காகவே நாவை இழந்த ஒருவர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்குத் தெய்வச் சித்தம் ஒன்றே இருந்தது என்று ஒப்புக்கொண்டால் பேரரசில் சமாதானம் உண்டாகும் என்று ஆட்சியாளர்கள் எண்ணினார்கள். மாக்சிமுஸ் என்ற துறவி மறுத்தார். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தவருக்கு மனிதச் சித்தம் இல்லையென்றால் அந்த "என்" யாருடையது? மரணத்தைக் கண்டு மெய்யாகவே பின்வாங்கத் துடித்த ஒரு மனிதச் சித்தம் அன்று அந்தத் தோட்டத்தில் தந்தைக்குக் கீழ்ப்படிந்தது என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 662-இல், எண்பது வயதைக் கடந்த அந்த முதியவரின் நாவையும் வலது கையையும் வெட்டி, கருங்கடலுக்கு அப்பால் நாடுகடத்தினார்கள். அந்த ஆண்டிலேயே இறந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கூடத் தொடங்கிய சங்கம் அவர் சொன்னதையே சபையின் விசுவாசமாக ஏற்றது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒன்றை, "நமக்காகச் செய்து காட்டினார்" என்று ஒரு வரியில் நீங்கள் விற்றுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நண்பரின் மற்ற இரண்டு கேள்விகளும் இதற்குள்ளேயே அடங்கும். அவர் ஜெபித்தது தம்மிடம் அன்று, தந்தையிடம். தந்தையும் குமாரனும் ஒரே ஆள் என்று சபை எந்நாளும் சொன்னதில்லை. "பிதா என்னிலும் பெரியவர்" என்றவர், தேவனுடைய ரூபமாயிருந்தும் தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தவர் என்று பவுல் எழுதுகிறார். அடிமையின் ரூபத்தில் நிற்பவர் அந்த இடத்திலிருந்து பேசுகிறார்.

தாத்தா பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றுவது என் வேலை. இரண்டாம் இரவு, கண்ணைத் திறக்காமலே, "அவருக்கும் இப்படித்தானடா இருந்திருக்கும்" என்றார். அந்தச் சொல்லில் அவருக்கு இருந்த ஆறுதலை, கடவுளுக்குத் தாகமே எடுக்காது என்று சொன்ன எவரும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

நண்பரிடம் திரும்பப் போங்கள். அன்று நான் சொன்னது பிழை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு மாற்கு 14-ஆம் அதிகாரத்தில், "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்ற இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதற்குமேல் நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்.