ஆன்மா மட்டும் தப்பிச்சா போதுமா?

அன்புள்ள சார்,

நான் நாகர்கோவில் பக்கம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரியில ஐசியூ ஸ்டாஃப் நர்சா இருக்கேன். சிஎஸ்ஐ குடும்பம். எம்ஏ ஃபிலாசஃபி படிக்கணும், அதுல மனுஷன்னா யாருங்கற கேள்வியை கிறிஸ்தவப் பார்வையில ஆராய்ச்சி பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. வென்டிலேட்டர்ல இருக்கறவங்க, பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாத வயசானவங்க, இவங்களை டெய்லி பாக்கறேன், அதுல வந்ததுதான் இது. ஒரு ப்ரொஃபசர்கிட்ட கேட்டேன். "கிறிஸ்தவப் பார்வைன்னு சொல்லிட்டாலே அது ஃபிலாசஃபி இல்லம்மா, தியாலஜி, செமினரிக்குப் போ"ன்னுட்டார். எங்க போதகர்கிட்ட கேட்டா கொலோசெயர் 2:8 எடுத்துக் காட்டி, லௌகிக ஞானம் வேண்டாம், விசுவாசம் போயிடும்ங்கறார். நான் யோசிச்சு வச்சிருக்கற டைட்டில், "மனிதன் கடவுளின் சாயல்: ஒரு கிறிஸ்தவத் தத்துவ ஆய்வு". இது சரியா வருமா? எங்க படிக்கறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சிஸ்டர்,

உங்க ப்ரொஃபசர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியிலதான் உங்க படிப்பே இருக்கு, அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

எடித் ஸ்டைன்னு ஒரு அம்மா. 1891ல, அப்ப ஜெர்மனில இருந்த பிரெஸ்லாவ்ல ஒரு யூதக் குடும்பத்துல பிறந்தவங்க, ஜெர்மன் தத்துவவாதி ஹுஸ்ஸர்லோட ஸ்டூடன்ட். முதல் உலகப்போர் நடக்கறப்ப, 1915ல, படிப்பை நிறுத்தி வச்சுட்டு ஆஸ்திரிய ராணுவத்தோட தொத்துநோய் ஆஸ்பத்திரி ஒண்ணுல செஞ்சிலுவைச் சங்கம் மூலமா நர்ஸ் வேலை பாத்தாங்க. டைஃபாய்டு வார்டு. அங்கிருந்து திரும்பி வந்துதான் பரிவு (empathy) பத்தின தீசிஸை முடிச்சு 1916ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. 1922ல கத்தோலிக்க ஞானஸ்நானம். பெண்ணுங்கறதால யுனிவர்சிட்டில நிரந்தர வேலைக்கு வழியே விடல. கடைசியா 1932ல மூன்ஸ்டர்ல ஒரு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல வேலை கிடைச்சு, அந்தக் குளிர்கால செமஸ்டர்ல மனுஷன் எப்படிக் கட்டமைஞ்சிருக்கான்னு ஒரு லெக்சர் கோர்ஸ் நடத்தினாங்க. அது முழுக்க ஃபிலாசஃபி. உயிருள்ள உடம்பு, மிருக சுபாவம், அறிவு, சமூகம்னு கண்ணுக்கு முன்னாடி இருக்கறதுல இருந்து படிப்படியா போற கோர்ஸ். அடுத்த செமஸ்டருக்கு இதே கேள்வியை தியாலஜியா நடத்தறதா பிளான், அதுல வெளிப்பாடு, அதாவது கடவுளே தெரியப்படுத்தினதா விசுவாசிக்கறது, என்ன சொல்லுதுன்னு பாக்கணும். அந்த செமஸ்டர் வரவே இல்ல. 1933ல ஹிட்லர் வந்தாச்சு, யூதப் பிறப்புங்கறதால வேலை போச்சு, அந்த வருஷமே கொலோன்ல கார்மெல் மடத்துல சேந்தாங்க, 1942 ஆகஸ்ட்ல ஆஷ்விட்ஸ்ல கொன்னுட்டாங்க.

அந்த ரெண்டு செமஸ்டர் பிளான்லயே உங்க ப்ரொஃபசருக்குப் பதில் இருக்கு பாருங்க. கேள்வி எங்கிருந்து வந்துச்சுங்கறது ஒரு விஷயமே இல்ல, சர்ச்ல இருந்து வரலாம், வார்டுல இருந்து வரலாம், யாரும் கேக்க முடியாது. ஆனா வாதம் எதும்மேல நிக்குதுன்னு கண்டிப்பா கேப்பாங்க. பைபிளை ஒத்துக்காத ஒருத்தர் உங்க ஒவ்வொரு ஸ்டெப்பையும் கூடவே வந்து செக் பண்ண முடிஞ்சா அது ஃபிலாசஃபி, "ஏன்னா ஆதியாகமத்துல அப்படி இருக்கு"ன்னு ஒரு ஸ்டெப் வந்துட்டா அந்த இடத்துல இருந்து தியாலஜி. தியாலஜி ஒண்ணும் தாழ்வு இல்ல, எந்தப் பக்கம் எந்த ரூல்ஸ்ல ஆடறோம்னு தெரிஞ்சு ஆடணும், அவ்வளவுதான். மனுஷன்னா யாருன்னு கேக்கற இந்தத் துறைல, அதாவது தத்துவ மானுடவியல்ல, வர்ற தீசிஸ் நிறைய சொதப்பறது இங்கதான்: முதல் சாப்டர் பிளேட்டோ, ரெண்டாவது டெகார்ட்ஸ், மூணாவது மார்க்ஸோ சார்த்தரோ, நாலாவதுல கிறிஸ்தவம் வந்து எல்லாரையும் ஜெயிச்சுடும். படிக்கறவனுக்கு முதல் பக்கத்துலயே ரிசல்ட் தெரிஞ்சுபோச்சுன்னா மிச்சத்தை அவன் எதுக்குப் புரட்டணும்?

ஸ்டைனோட தீசிஸ்ல ஒரு உதாரணம் வரும். ஒரு நண்பர் வந்து என் அண்ணன் இறந்துட்டான்னு சொல்றார், அவரோட வலி எனக்குத் தெரியுது. எப்படித் தெரியுது? முகம் வெளுத்திருக்கு, குரல் மாறியிருக்கு, அதை வச்சு நான் கணக்குப் போட்டு முடிவுக்கு வரல, வலியே அங்க தெரியுது. ஆனா அது எனக்கு வலிக்கல. அவர் அனுபவிக்கறது என் கண்ணுக்கு வருது, என் அனுபவமா வரல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த விசித்திரமான இடத்தைத்தான் அவங்க தீசிஸ் முழுக்க நோண்டறாங்க. நீங்க டியூட்டில டெய்லி நிக்கற இடம் இது. வாயில ட்யூப் இருக்கற பேஷன்ட் ஒரு வார்த்தை பேச முடியாம புருவத்தைச் சுருக்கறப்ப உங்களுக்கு என்ன தெரியுது, எப்படித் தெரியுதுன்னு எழுத உங்களுக்கு இருக்கற தகுதி லைப்ரரில உக்காந்திருக்கற எங்களுக்குக் கிடையாது.

இந்தத் துறைக்குத் தத்துவ மானுடவியல்ங்கற பேர் நிலைச்சதே ஜெர்மனில 1920கள்லதான். 1928ல மட்டும் மாக்ஸ் ஷேலர், ஹெல்முத் பிளெஸ்னர் ரெண்டு பேரோட முக்கியமான புத்தகமும் வந்துச்சு. ஷேலர் கொஞ்ச காலம் தீவிர கத்தோலிக்கர், அப்புறம் விலகிட்டார். அவர் நெறியியலை (எத்திக்ஸ்) வச்சு கிறிஸ்தவ நெறியியல் கட்ட முடியுமான்னு 1953ல ஒரு போலந்துப் பாதிரியார் ஆய்வு எழுதி, உதவும், ஆனா அஸ்திவாரமா தாங்காதுன்னு முடிச்சார். அவர்தான் கரோல் வொய்த்திவா, பின்னாடி போப் இரண்டாம் ஜான் பால் ஆனவர். கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கறப்பவே லுப்ளின் கத்தோலிக்க யுனிவர்சிட்டில 1954ல இருந்து நெறியியல் வகுப்பு எடுத்தார். 1969ல மனுஷனும் செயலும் பத்தி ஒரு தடிப் புத்தகம் போட்டார், போலிஷ் தெரிஞ்சவங்களே திணறின புத்தகம், ஆனா அதோட ஆணிவேர் சிம்பிள்: எனக்குள்ள நடக்கறது வேற, நான் செய்யறது வேற. பசி எனக்குள்ள நடக்குது, உபவாசம் நான் இருக்கறேன். அந்த ரெண்டாவதுல, நானே முடிவெடுத்துச் செய்யற செயல்லதான், ஆள் யாருன்னு வெளிய தெரியுது.

சரி, உங்க அஞ்சாம் நம்பர் பெட்ல இருக்கறவரை இங்க கொண்டு வாங்க. மூச்சுகூட மெஷின் விடுது, எல்லாமே அவருக்குள்ள நடக்கறதுதான், அவர் செய்யறதுன்னு ஒண்ணும் இல்ல. வொய்த்திவா கட்சிக்காரங்க, செயல்ல ஆள் வெளிப்படறான்னுதான் சொன்னோம், செயலால ஆள் உருவாகறான்னு சொல்லலையேம்பாங்க. நியாயமான பதில். ஆனா வெளிப்படவே வழி இல்லாதப்போ அங்க ஒரு ஆள் இருக்காருன்னு எதை வச்சு சொல்றது? இது ஒரு எம்ஏ டிசர்டேஷனுக்குத் தாராளமா போதும், எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊர் சிலபஸ் மனநிலைல இதைத் தொட பயப்படுவாங்க.

இப்ப உங்க டைட்டில். சாயல்ங்கறதைத் தலைப்புல போட்டா நீங்க முதல் வரிலயே தியாலஜிக்குள்ள போயிட்டீங்க. அதுவும் இல்லாம அந்தச் சாயல் எதுல இருக்குன்னு கிறிஸ்தவங்களுக்குள்ளயே ஒத்துமை கிடையாது. அறிவுலன்னு பழைய ஆட்கள் நிறைய பேர் சொன்னாங்க, அப்படின்னா பிள்ளையை அடையாளம் தெரியாத உங்க பாட்டிகிட்ட சாயல் அழிஞ்சுபோச்சான்னு அடுத்த கேள்வி வரும், உறவுலதான் சாயல்னு இருபதாம் நூற்றாண்டு ஆட்கள் சொன்னா உறவே இல்லாம கைவிடப்பட்டவர் என்ன ஆவார்னு வரும். (சாயல்ங்கற கருத்துக்கே பல் இல்லைன்னு நான் சொல்லல. நாலாம் நூற்றாண்டுலயே நீசாவின் கிரகோரியார் அடிமை வச்சிருக்கறவங்களைப் பாத்து, கடவுளோட சாயலுக்கு எத்தனை காசுன்னு விலை போட்டேன்னு பிரசங்கத்துல கேட்டவர். அந்தக் காலத்துல அடிமைமுறையையே அடியோட எதுத்துப் பேசின குரல் ரொம்ப அபூர்வம்.)

எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்ச சண்டை வேற ஒண்ணு. நம்ம பக்கம் கிறிஸ்தவ அடக்க ஆராதனைகள்ல கேட்டிருப்பீங்க, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு போஸ்டர்ல இருக்கும், பேசறவரோ அவர் உடம்பைக் கழட்டிப் போட்டுட்டுப் பரலோகம் போயிட்டார்ம்பார். தூங்கறாரா, போயிட்டாரா? ரெண்டாவது பேச்சுல பாதிக்கு மேல பிளேட்டோ, உடம்பு ஜெயில், ஆன்மா கைதி. ஆனா கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்துல சொல்றது உடம்பு எழும்பும்னு. இந்த உறுத்தலை ஒளிக்காம எடுத்துப் பேசினவர் பதிமூணாம் நூற்றாண்டு தத்துவவாதி தாமஸ் அக்வினாஸ். "Summa Theologiae"ங்கற அவரோட பெரிய நூல்ல 75ஆம் கேள்வி நாலாம் பிரிவுல, ஆன்மாதான் மனுஷனான்னு கேட்டு, இல்லைங்கறார். வாதம் என்னன்னா, பாக்கறது, வலிக்கறது இதெல்லாம் ஆன்மா தனியா செய்யற வேலை இல்ல, உடம்போட சேந்து நடக்கறது, ஆனா அது மனுஷனோட வேலைதான், அப்ப மனுஷன் ஆன்மா மட்டும் இல்ல. இதுல எங்கயும் பைபிள் தேவைப்படல கவனிங்க. கொரிந்தியர் முதல் நிருபத்துக்கு எழுதின உரைல இன்னும் ஒரு படி மேல போறார்: என் ஆன்மா நான் இல்ல, ஆன்மாக்கள் மட்டும் மீட்பு அடைஞ்சா நான் மீட்பு அடையல, எந்த மனுஷனும் அடையல.

அப்ப செத்துப்போன பேதுருகிட்ட எதுக்கு ஜெபம் கேக்கறோம், அங்க இருக்கறது பேதுருவோட ஆன்மாதானே, பேதுரு இல்லையேன்னு ஒரு ஆட்சேபம் அவரே எழுப்பிக்கறார். இங்க எந்தப் பேர்ல தெரிஞ்சாங்களோ அந்தப் பேர்லயே கூப்பிடறோம்னு ஒரு பதில் சொல்றார், எனக்கென்னவோ அந்தப் பதில் கொஞ்சம் நழுவற மாதிரிதான் படுது. சாவுக்கும் உயிர்ப்புக்கும் நடுவுல ஆன்மா இருந்தா ஆளும் இருக்கார்ங்கறாங்க இந்தக் காலத்துத் தத்துவவாதி எலனோர் ஸ்டம்ப், இல்ல, ஆன்மா இருக்கும், ஆள் இருக்க மாட்டார்ங்கறார் பேட்ரிக் டோனர், ரெண்டு பேரும் அக்வினாஸைத்தான் காட்டறாங்க. ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் ஆன்மாதான் நான்ங்கறார். பீட்டர் வான் இன்வாகன் கிறிஸ்தவரா இருந்துட்டே மனுஷன் உடம்புதான்னு அடிச்சுச் சொல்றவர், 1978ல ஒரு கட்டுரைல, கடவுள் நிஜ உடம்பை எடுத்து பத்திரமா வச்சுட்டு நாம புதைக்கறதுக்கு ஒரு நகலை விட்டுட்டுப் போயிருக்கலாம்னுகூட எழுதினார், சிரிக்காதீங்க, உயிர்ப்பு நடக்க முடியாத விஷயம் இல்லைன்னு காட்டறதுக்கு அவருக்கு ஒரு உதாரணம் போதும், அதுதான் அது.

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, கிறிஸ்தவப் பார்வைன்னா முடிவு கைல இருக்குன்னு உங்க ப்ரொஃபசர் நினைக்கறார், போதகரும் அதையேதான் நினைக்கறார். நிஜத்துல அது சுமையைக் கூட்டத்தான் செய்யுது. உடம்பை வேண்டாம்னு தள்ளிட்டுப் போற ஈசியான வழி பிளேட்டோவுக்கு உண்டு, உங்களுக்கு இல்ல. ஆளே மூளைதான்னு சொல்லி முடிக்கற வழியும் உங்க மரபுல பெரும்பாலானவங்களுக்கு இல்ல.

படிக்கற இடம் பத்தி. எம்ஏ ஃபிலாசஃபிக்கு நிறைய யுனிவர்சிட்டில எந்த டிகிரியா இருந்தாலும் எடுப்பாங்க. ஷிஃப்ட் வேலையை விட முடியாதுன்னா இக்னோவுல தொலைதூரக் கல்வில இருக்கு. சென்னைல சத்திய நிலையம், பெங்களூர்ல தர்மாராம், புனேல ஞானதீபம்னு கத்தோலிக்க இடங்கள்ல இந்தப் பாடத்தை ஆழமா நடத்துவாங்க, லைப்ரரிக்காகவே போகலாம், ஆனா அங்க குருத்துவத்துக்குப் படிக்கறவங்கதான் ஜாஸ்தி, சேரறதுக்கு முன்னாடி வாங்கற பட்டத்துக்கு யுஜிசி அங்கீகாரம் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. சர்ச் அங்கீகாரம் மட்டும் உள்ள பட்டத்தை வச்சு நெட் (காலேஜ்ல டீச்சர் ஆகறதுக்கான தகுதித் தேர்வு) எழுத முடியாது, நெட்டுக்கு எம்ஏல ஜெனரல் பிரிவுக்கு 55 சதவீதமும் வேணும்.

போதகர்கிட்ட சண்டை போடாதீங்க. லௌகிக ஞானத்தால ஒருத்தனும் உங்களைக் கொள்ளைகொண்டு போகாதபடிக்கு எச்சரிக்கையா இருங்கன்னுதான் அந்த வசனம் சொல்லுது, எது யாரோட ஞானம்னு தெரியாம எப்படி எச்சரிக்கையா இருக்கறதுன்னு அடக்கமா கேளுங்க. அவர் அடக்க ஆராதனைல பேசறது யாரோட ஞானம்னு மட்டும் இப்போதைக்குக் கேக்காதீங்க.

டைட்டிலை இப்படி மாத்திப் பாருங்க: "செயலற்ற உடலில் ஆள் இருக்கிறாரா? அக்வினாஸ், வொய்த்திவா, எடித் ஸ்டைன் மூவரை முன்வைத்து". மூணு பேர் ஜாஸ்தின்னு கைடு சொல்வார், சொன்னா வொய்த்திவாவைத் தூக்கிடுங்க. ஸ்டைனோட தீசிஸ் இங்கிலீஷ்ல சின்னப் புத்தகம்தான், முதல்ல அதைப் படிங்க. லத்தீன், ஜெர்மன் தெரிஞ்சாத்தான்னு யாராவது பயமுறுத்தினா எம்ஏவுக்குத் தேவையில்ல, பிஎச்டிக்கு வர்றப்ப பாத்துக்கலாம்.