கட்டடக்கலை மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கட்டடக்கலைஞர் மாநாடுகளில் கேட்பவனாகவும் பேசுபவனாகவும், கட்டுரைச் சுருக்கங்களைச் சலித்தெடுக்கும் குழுவிலும் நெடுநாள் புழங்கியவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, விமானச் சீட்டு மட்டும் வேண்டாம்.

இறுதியாண்டு மாணவி: ஒரே நேரத்தில் ஆறு அரங்குகளில் உரைகள் நடக்கின்றன. எதற்குப் போவது?

உங்கள் மேசையில் இப்போது முடியாமல் கிடக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசும் அரங்கு எதுவோ அதற்குப் போங்கள். பெரிய பெயர்களின் தொடக்க உரையைப் பெரும்பாலும் பதிவு செய்துவிடுவார்கள். அதே உரையை அவர் வேறு ஊரிலும் பேசியிருப்பார். பிற்பகலில் சின்ன அரங்கில், பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும்போது, கட்டடத்தின் வெளிச்சுவரைக் கவனிக்கும் முகப்பு ஆலோசகர் ஒருவர் பேசுவாரே, அதை விட்டால் பிடிக்க முடியாது.

ஓர் உதாரணம். உயரமான கட்டடங்களில் தளத்தின் விளிம்பும் கண்ணாடிச் சுவரும் ஒட்டி நிற்பதில்லை. நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும். தீ ஒரு மாடியிலிருந்து மேல் மாடிக்கு ஏறாமலிருக்க அதில் எளிதில் எரியாத கனிம இழைப் பஞ்சான கனிமக் கம்பளியை அமுக்கித் திணித்து, மேலே புகை புகாத பூச்சு கொடுக்க வேண்டும். டிராயிங்கில் அது நாலு சாய்கோடு. சைட்டில் என்ன நடக்கிறது? கேபிள் இழுக்க வந்தவர் கம்பளியைப் பிடுங்கிப் போடுகிறார், அல்லது அமுக்காமல் சும்மா செருகியதால் கட்டடம் அசையும்போது அது நழுவுகிறது. பிறகு உட்கூரை வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அந்த உட்கூரைப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து எடுத்த படத்தைக் காட்டிப் பேசுகிறவர் கிடைத்தால் முன்வரிசையில் உட்காருங்கள். கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த பிறகு என்ன ஆனது என்று சொல்லும் உரைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை: அரங்கு யார் செலவில் நடக்கிறது என்று நிகழ்ச்சி நிரலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தனியாகத் தொழில் செய்பவர்: தொடர்கல்விப் புள்ளிகள் கிடைக்குமா?

தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் படித்துச் சேர்க்க வேண்டிய புள்ளிகள் இவை. கிடைப்பது நீங்கள் பதிவு செய்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் ஆண்டுக்கு 18 கற்றல் அலகுகள் கேட்கிறது. அதில் 12 உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலன் சார்ந்தவையாக இருக்க வேண்டும். பிரிட்டனின் அரச கட்டடக்கலைஞர் கழகம் ஆண்டுக்கு 35 மணி நேரம் கேட்கிறது. ஆகவே ஒரே மாநாடு ஒருவருக்குப் போதுமானதாகவும் மற்றவருக்குக் கால்வாசியாகவும் இருக்கலாம். உங்கள் அமைப்பு எதை ஏற்கும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வாசலில் அட்டையை ஸ்கேன் செய்யாமல் நழுவிவிட்டு அப்புறம் புலம்பாதீர்கள்.

உள் அலங்கார நிறுவனத்தில் இருப்பவர்: பொருட்காட்சிக் கூடத்தில் நேரம் செலவழிக்கலாமா?

தாராளமாக. ஆனால் பை வாங்கப் போகாதீர்கள், கேள்வியோடு போங்கள். முகப்புப் பலகை விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எரிசோதனை செய்தது தனிப் பலகைக்கா, அல்லது வெப்பக் காப்புப்பொருள், தாங்கும் சட்டகம், காற்றிடைவெளி எல்லாம் சேர்ந்த முழு அடுக்குக்கா?” அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தார்கள். அதன் வெளிச்சுவரில் பொருத்திய பலகையும் காப்புப்பொருளும் செய்து விற்றவர்கள் சோதனை விவரங்களில் சந்தையைத் தவறாக வழிநடத்தினார்கள் என்று 2024-இல் வந்த விசாரணை இறுதி அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. வழவழ அட்டையில் அச்சடித்த ஒரு சொல்லை நம்பி டிராயிங்கில் எழுதாதீர்கள். யார் செலவில் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

பகுதிநேரமாக வேலை செய்பவர்: இணையவழியில் கலந்துகொண்டால் புள்ளிகள்?

மேலே சொன்னதுதான். சில இடங்களில் பார்த்தால் போதும், சில இடங்களில் முடிவில் வினாத்தாள் உண்டு. முன்பே கேளுங்கள்.

இளம் ஆய்வாளர்: என் கட்டுரைச் சுருக்கத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பியிருப்பதைப் படித்தேன். முதல் நான்கு வரி ஒளியும் வெளியும் உரையாடுவதைப் பற்றி. சலிக்கும் குழு ஒரே மாலையில் இப்படிப் பலவற்றைப் பார்க்கும். உங்கள் ஐந்தாவது வரியில்தான் பள்ளி வகுப்பறைகளில் வெப்பநிலை அளந்த செய்தியே வருகிறது. அதை முதல் வரியாக்குங்கள். எத்தனை அறைகள், எந்தப் பருவம், எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன. எதிர்பார்ப்புக்கு மாறாக வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள், அதற்காகவே எடுப்பார்கள்.

ஒரு மூத்த கட்டடக்கலைஞர்: கூடிப் பேசி, விருந்து சாப்பிட்டுக் கலைவதுதான் மாநாடு. அதனால் கட்டடக்கலையில் எதுவும் மாறியதில்லை.

ஐயா, இதை விட முடியாது. நவீனக் கட்டடக்கலைக்கான பன்னாட்டு மாநாடு 1928-இல் சுவிட்சர்லாந்தின் லா சராஸில் தொடங்கியது. அதன் நான்காவது கூட்டம் 1933-இல் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. அது கைகூடாமல் போக, மார்செயிலிருந்து ஏதென்ஸுக்குக் கப்பலிலேயே நடத்தினார்கள். 33 நகரங்களின் வரைபடங்களைக் கொண்டு வந்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவுகோலில், ஒரே குறியீடுகளில். அதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊரைத் தனக்குப் பிடித்த மாதிரி வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது இப்படித்தான். இது ‘எதுவும்’ இல்லையா?

அதே மூத்தவர்: அந்தக் கப்பலில் பிறந்த ஏதென்ஸ் பட்டயம்தான் வீடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று நகரங்களைக் கூறு போட்டது. எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் நல்லது.

முதலில் எதுவும் மாறவில்லை என்றீர்கள், இப்போது நகரங்களையே மாற்றியது என்கிறீர்கள். சரி, ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். பட்டயம் அச்சில் வந்தது 1943-இல், பத்து ஆண்டுகள் கழித்து, அந்த மாநாட்டின் முன்னணிக் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே தன் பாணியில் எழுதியது. கப்பலில் போனவர்கள் அப்போது ஒப்புக்கொண்ட முடிவுகள் அவ்வளவு கறாரானவை அல்ல. தவிர, இடத்தைப் பயன்பாட்டின்படி பிரிப்பது அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. நியூயார்க் 1916-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டது.

இன்னொருவர் குறுக்கிட்டு: அப்படியானால் பழி மாநாட்டுக்கா, எழுதியவருக்கா?

எழுதியவருக்குப் பெரும்பங்கு, எழுத விட்டவர்களுக்கு மீதி. வரைபடங்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, தீர்மானம் நிலைத்துவிட்டது. அதனால்தான் தீர்மான வரைவுக் குழுவுக்கு ஆள் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்கிறேன். இரவு கண்விழிக்க வேண்டும், நன்றி கிடைக்காது, ஆனால் ஊருக்குப் போனபின் பிறர் படிக்கப்போவது அந்த ஒரு தாளைத்தான்.

மாணவர்: விவாதம் இருக்கட்டும். என்ன உடுத்துவது?

கட்டடங்களை நேரில் பார்வையிடுவது நிரலில் இருந்தால் மூடிய ஷூ. மற்றபடி உங்கள் விருப்பம்.

பெயர் வேண்டாம் என்றவர்: சான்றிதழ் தருவார்களா? புள்ளிகள் சேருமா?

மூன்றாம் முறை. மேலே இருக்கிறது.

மூத்தவர் மறுபடியும்: 1959-இல் அந்த நவீனக் கட்டடக்கலை மாநாடே கலைந்ததே?

நெதர்லாந்தின் ஒட்டர்லோவில், உண்மைதான். ஆனால் ஆட்டத்தைக் கலைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. பத்தாவது கூட்டத்தை ஏற்பாடு செய்ய அமைத்த இளைஞர் குழுதான். அதனால்தான் பத்தாம் குழு என்றே பெயர். அல்டோ வான் ஐக், ஸ்மித்ஸன் தம்பதி எல்லாம் உள்ளே உட்கார்ந்து, நகரத்தை வீடு, வேலை என்று பிரித்த பெரியவர்களின் பட்டியலை முகத்துக்கு நேரே மறுத்தார்கள். வீட்டிலிருந்தே கடிதம் எழுதியிருந்தால் யார் மதித்திருப்பார்கள்? உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்பது அதற்காகத்தான். பின்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுக்கவாவது வாருங்கள்.

சூழல் அக்கறை உள்ளவர்: கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேச விமானம் ஏறலாமா?

நியாயமான கேள்வி. பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியத்தின் ரியோ மாநாடு 2020-இலிருந்து 2021-க்குத் தள்ளிப்போய்ப் பெரிதும் இணையத்தில் நடந்தது. உரைகள் இணையத்தில் நன்றாகவே போகின்றன. தேநீர் இடைவேளையில் ஒருவர் துண்டுத்தாளில் கட்டடத்தின் குறுக்குவெட்டாக வரைந்து காட்டும் செக்‌ஷன் போவதில்லை. பக்கத்தில் இருப்பதற்கு ரயிலில் போங்கள், தொலைவில் இருப்பதை இணையத்தில் பாருங்கள்.

வேலை தேடுபவர்: போர்ட்ஃபோலியோவைக் கொண்டு போகலாமா?

தடித்த புத்தகம் வேண்டாம். நீங்களே வரைந்த ஒரு டீடெயில் (கட்டடத்தின் ஒரு பகுதியின் நுணுக்க வரைபடம்), ஒரே தாளில், 1:20 அளவில். பழைய அலுவலகத்தின் டிராயிங் என்றால் அனுமதி வாங்குங்கள்.

மென்பொருள் கேள்வி கேட்டவர்: எதைக் கற்கலாம்?

இது மாநாட்டுக் கேள்வி இல்லை. உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்.

மாணவி மறுபடி: கேள்வி நேரத்தில் மைக் கிடைத்தால்?

தன் வரலாறு சொல்லாதீர்கள். “நீடித்த வளர்ச்சி பற்றி உங்கள் கருத்து?” என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். “அந்த இடைவெளியை மூடுவதற்கு முன் யார் கையெழுத்திட்டார்கள்?” என்று கேளுங்கள். பேச்சாளர் தயங்கினால், உரை முடிந்ததும் வெளியே நின்று பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒருவர்: தொடர்கல்விப் புள்ளி…

மேலே. இரண்டாவது கேள்வி.