கூட்டிவந்த கூட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நீங்கள் பேசியபோது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறீர்கள், பட்டறை நடத்துகிறீர்கள், எப்போது பார்த்தாலும் ஏதாவது மேடையில் இருக்கிறீர்கள். எப்படி முடிகிறது? விடைத்தாள் திருத்தி, பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் பதிவு முடித்து, வீட்டு வேலையும் பார்த்து, ஒரு பத்தி எழுதுவதற்குள் எனக்குக் கண் சொருகிவிடுகிறது. காலையில் எழுதுவது நல்லதா, இரவிலா? கையாலா, கணினியிலா? மேடைப் பேச்சு எழுத்தைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் இலக்கிய மன்ற விழாவுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அறுநூறு பிள்ளைகள் இருப்பார்கள், அரங்கு நிறைந்துவிடும். என் பெயர் வேண்டாமே.

அன்புள்ள தங்கச்சிக்கு,

காலையா இரவா என்றால், முழித்திருக்கிற நேரத்தில் எழுதுங்கள். கையாலா கணினியிலா என்பதெல்லாம் எழுதாமல் இருக்க நாமே தேடிக்கொள்கிற சாக்கு. இவ்வளவு பெரிய கடிதத்தில், என்ன எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. கதையா, கவிதையா, யாரைப் பற்றி, ஒன்றும் இல்லை. எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதையே ஒரு வேலையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். குற்றாலத்தில் அறை எடுத்து எழுதப் போகிறவர்களைவிட, விடைத்தாள் கட்டுக்கு நடுவே ஒரு பத்தி எழுதுகிறவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி வரிதான். அறுநூறு பிள்ளைகள், அரங்கு நிறைந்துவிடும். கொஞ்ச நாளாக இதையேதான் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருந்த அந்தக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வாசலில் ஒருவர் நின்று வருகைப்பதிவு எடுத்தார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அப்புறம் உறை பிரிக்காத சால்வை. என்னை அறிமுகப்படுத்தியவர் கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். அதில் நான் எழுதாத ஒரு நாவலும் இருந்தது. என் முறை வந்ததும், “அண்ணாச்சி, பஸ் போயிரும், சட்டுனு முடிச்சிருங்க” என்று காதில் சொன்னார்கள். பாதியில் ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையை மடியில் தயாராக வைத்திருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. களக்காட்டுக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் போக வேண்டிய பிள்ளைகள். நான் எழுதியதில் ஒரு பக்கத்தைக்கூட அதற்குமுன் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. முன்பின் தெரியாதவர் கல்யாணத்தில் மொய் எழுத உட்காரவைத்த மாதிரி இருந்தார்கள்.

இதைச் சொன்னால், “காதுல விழுந்தா ஒருத்தனுக்காவது ஒட்டாதா?” என்பார்கள். இப்படி விழுந்தால் ஒட்டாது.

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், ஒரு நாள் கடைசி வகுப்பு. பாடத்தை மூடிவைத்துவிட்டு, ஏதோ ஒரு பத்திரிகையில் வந்திருந்த கதையை வாசித்தேன். பீடி சுற்றுகிற பெண்ணின் கதை. அவள் கத்தியால் இலை வெட்டுவதாக எழுதியிருந்தது. அதுவரை வாயே திறக்காத முக்கூடல் பிள்ளை ஒன்று, “கத்தி வைக்க மாட்டாங்க சார்” என்றது. ராத்திரியே இலையை நனைத்து வைப்பார்களாம். ஈரம் வடிந்தபிறகு தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து, தூளைப் பரத்திச் சுற்றி, நுனியை மடக்கி நூல் கட்ட வேண்டும். கடையில் சரியில்லை என்று கழித்துவிட்டால் கழித்தது கழித்ததுதான், அதற்குக் கூலி கிடையாது. மணி அடித்தது தெரியாமல் சொல்லிக்கொண்டே போனது. பக்கத்துப் பிள்ளை, “எங்கம்மைக்கு நகம் பூரா தேஞ்சு போச்சு சார்” என்றது. கதை எழுதியவர் அன்றைக்கு அங்கே வந்திருந்தால், நூறு சால்வையில் கிடைக்காதது கிடைத்திருக்கும். மறுவாரம் அந்தப் பிள்ளைகளே, “இன்னொரு கதை வாசிங்க சார்” என்றார்கள். அவர்களை யாரும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

நம்ம ஊருக்கு இது புதிதும் அல்ல. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கம்பனை ரசிப்பதற்கே பேர்போன ரசிகமணி டி.கே.சி. வீட்டில்தான் வட்டத்தொட்டி என்கிற இலக்கியக் கூட்டம் கூடியது. கம்பன் பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தால், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து அனுபவிப்பார்கள். வீட்டு முற்றத்தில் அடங்குகிற கூட்டம்தான். அவர் 1954-ல் மறைந்தார். அந்த முற்றத்தைப் பற்றி இன்னமும் பேசுகிறோம். டவுனில் சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்த விமர்சகர் தி.க.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் மறைந்த அவரிடமிருந்து, எங்கேயோ ஒரு மூலையில் முதல் கதை எழுதிய பையனுக்கும் போஸ்ட் கார்டு போகும். முதலில் கதையைப் படிப்பார், அப்புறம்தான் எழுதுவார். முதலில் படிப்பது, அப்புறம் கூப்பிடுவது. இந்த வரிசையைத்தான் நம் விழாக்குழுக்கள் தலைகீழாக்கிவிட்டன. அழைப்பிதழ் அச்சான பிறகு, “உங்க புத்தகம் ஒன்னு இருந்தா அனுப்புங்க அண்ணாச்சி” என்று கேட்கிறவர்களை என்ன செய்ய?

மேடை எழுத்தைக் கெடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கெடுக்கும். கைதட்டல் வாங்கிய வாக்கியம் மறுநாள் மேசையில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அடித்துத் தள்ள அரை நாள் போகும். ஆனாலும் போகிறேன். நாலு பேர் முகத்தைப் பார்க்காமல் எனக்கு முடியாது. பட்டறை பற்றி இன்னொரு நாள்.

விழாவுக்கு வருகிறேன். செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கிவிடுவேன், கார் வேண்டாம். அறுநூறு பேரும் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பிரிவு போதும். அதற்குமுன் நீங்கள் அவர்களுக்கு ஏதாவது ஒரு கதையைச் சத்தமாக வாசித்திருக்க வேண்டும். என் கதையாக இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் கதை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், திண்ணையில் உட்கார்ந்து படிப்போம். தலைமையாசிரியர் சால்வை போட்டே தீருவேன் என்றால், அந்தக் காசுக்குக் கல்லிடை அப்பளம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.