உள்ளங்கை அளவு ஓவியம், ஒரு மாதத் தலைப்புகள்: கேள்வி பதில்

தினம் ஒரு தலைப்பு, தினம் ஒரு சின்ன ஓவியம் என்று நடக்கும் சேலஞ்சுகளில் ஆறேழு வருடமாகக் கலந்துகொள்கிறேன். முடித்தவை கொஞ்சம், பாதியில் விட்டவை அதிகம். அதனாலேயோ என்னவோ பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, இன்க்டோபரில் (அக்டோபர் முழுக்க தினம் ஒரு மை ஓவியம் வரையும் சேலஞ்ச்) மூன்று வருடம் சேர்ந்தேன். ஒரு தடவை 9ஆம் நாளோடு நின்றது, அடுத்த தடவை 11, போன வருடம் மறுபடி 9. எனக்கு விடாமுயற்சியே இல்லை போல.

மூன்றாவது வருடமும் வந்து உட்கார்ந்தவருக்கு விடாமுயற்சி இல்லை என்று யார் சொன்னது? உங்களை நிறுத்தியது பாக்கி. முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில் ஒரு தலைவலியோ விருந்தாளியோ வந்து இரண்டு படம் விட்டுப்போகும். மறுநாள் உட்காரும்போது தலைமேல் மூன்று படம் இருக்கும். அன்றும் முடியாது, நான்காகும். அப்புறம் பிரஷ்ஷைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

நான் வைத்திருக்கும் ஒரே கறாரான விதி இதுதான்: பாக்கி அடைப்பதில்லை. நேற்றுப் போனது போனதுதான், இன்று இன்றைய தலைப்பு. இன்க்டோபரை அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தன்னுடைய மைப் பயிற்சிக்காகத் தொடங்கினார். தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம், அதுவும் முடியாதென்றால் வாரம் ஒன்று போதும் என்று அவரே வழி விட்டிருக்கிறார். 31 என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நாம்தான். நான் வாரம் நான்குதான் வரைகிறேன்.

எந்த அளவில் தொடங்குவது? ஏ4 தாளை வைத்துக்கொண்டு திணறுகிறேன்.

ஏ4 வேண்டாம். 10க்கு 15 சென்டிமீட்டர், அதாவது போஸ்ட்கார்டு அளவு நல்லது. அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு, 64க்கு 89 மில்லிமீட்டர், விளையாட்டுச் சீட்டு அளவு. 1997இல் சூரிச்சில் ஓர் ஓவியர் தொடங்கிய வழக்கம் அது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளத்தான் செய்யலாம் என்பது அதன் மரபு.

மாதம் தொடங்கும் முன்பே அத்தனை துண்டையும் வெட்டி அடுக்கிவிடுங்கள். அன்றன்றைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் ஸ்கேல் தேடுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும்.

அப்புறம், தாள் சிறியது என்பதற்காக பிரஷ்ஷும் சிறியதாக இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் தவறுவது இங்கேதான். கையில் 0 எண் பிரஷ் இருந்தால் மனம் தானாக இமைமுடி எண்ணப் போய்விடும். 8 எண் ரவுண்ட் பிரஷ் ஒன்று போதும், நுனி கூர்மையாக இருந்தால் மெல்லிய கோடும் அதிலேயே வரும். 1889இல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓவியர்கள் டாம் ராபர்ட்ஸும் ஆர்தர் ஸ்ட்ரீட்டனும் நண்பர்களும் ‘9க்கு 5’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 9 அங்குலத்துக்கு 5 அங்குலம் என்பது அவர்கள் படம் வரைந்த சுருட்டுப் பெட்டி மூடியின் அளவு. கண்ணில் பட்ட ஒளியை அது மாறுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அந்த அவசரத்தில் இமைமுடிக்கு எங்கே போவது?

தலைப்புகளில் ‘அமைதி’, ‘நம்பிக்கை’, ‘காத்திருப்பு’ என்றெல்லாம் வருகிறது. மரம், வீடு என்றால் வரைந்துவிடுவேன். இதற்கெல்லாம் என்ன வரைவது?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். அமைதி என்றால் புறா, நம்பிக்கை என்றால் பாறையில் முளைத்த செடி. நானும் வரைந்திருக்கிறேன், எல்லாம் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கும்.

தலைப்பு ஒரு விடுகதை என்று நினைத்துக்கொள்வதால் வரும் கஷ்டம் இது. அதற்குச் சரியான விடை எதுவும் கிடையாது. ‘இன்று என்ன வரைவது’ என்று அரைமணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைத் தவிர்க்க யாரோ ஒருவர் நமக்குப் பதிலாக முடிவு செய்து கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு மாதமும் தலைப்புப் பட்டியலுக்குப் பின்னால் யாருக்கும் சொல்லாமல் ஒரு பாடம் வைத்துக்கொள்வேன். ஒரு மாதம் மூன்றே மூன்று ஒளி அளவு: வெளிச்சம், நடு, இருட்டு. இன்னொரு மாதம் விளிம்புகள் மட்டும். தலைப்பு எதுவாக வந்தாலும் படம் பாடத்தைத்தான் சுற்றி வரும்.

விளிம்பு மாதத்தில் வந்தது ‘காத்திருப்பு’. மனதில் முதலில் வருவதை எழுதினேன்: கடிகாரம், பேருந்து நிறுத்தம், ஜன்னலோரத்து முகம். முதல் மூன்று எல்லோருக்கும் வருவது, அதனால் அடித்துவிட்டேன். நான்காவதாக எதுவும் வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு ஜோடி செருப்பு, ஒன்று நேராக, இன்னொன்று கவிழ்ந்து. மாலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சரி, இதுதான் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் கவனித்தது செருப்பை அல்ல, அதன் நிழலை. செருப்பின் அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்தில் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. தூரம் போகப் போக விளிம்பு கரைந்து, நுனியில் எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியவில்லை. தொடும் இடத்தில் காய்ந்த தாளில் ஒரே இழுப்பு. நுனியில், வண்ணம் காய்வதற்குள் ஈரமான சுத்த பிரஷ்ஷால் ஒரு தடவல். செருப்பு சுமாராகத்தான் வந்தது, வார் ஒன்று கோணல். ஆனால் நிழல் தரையில் படுத்திருந்தது. அதற்கு முன் நான் வரைந்த நிழல்கள் எல்லாம் கறுப்புத் துணி விரித்த மாதிரி இருக்கும்.

வாட்டர்கலர் அடித்த பரப்பில் பூப்பூவாகத் திட்டு வருகிறது. பெயிண்ட் மட்டமா, தாள் மட்டமா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை, நேரம் தவறுகிறது. பாதி காய்ந்த பரப்பில், அதைவிட அதிகத் தண்ணீருள்ள பிரஷ்ஷை வைக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் பரவும்போது நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும். அதுதான் அந்தப் பூ.

தாளை மேலிருந்து பார்க்காதீர்கள். கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, சாய்வாகப் பாருங்கள். பளபளப்பு இருக்கிறதா, இன்னொரு நிறம் விடலாம். பளபளப்பு போய் மங்கிவிட்டதா, கையைக் கட்டிக்கொள்ளுங்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும், அதுவரை உள்ளே ஈரம் இருக்கிறது. குளிர்ச்சி போன பிறகு தாராளமாக அடுத்த பூச்சு. சின்னத் தாள் சீக்கிரம் காயும் என்பதால் இதில் யோசிக்க நேரமே கிடைக்காது, நிறத்தை முன்பே குழைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தாள் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைவாக இருந்தால் நெளியும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அங்கேயும் திட்டு வரும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் பருத்தித் தாள். ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைக்கும்.

வேலைக்குப் போகிறவள் நான். நாளுக்கு 30 நிமிடம்தான் கிடைக்கும். ஆயில், அக்ரிலிக், குவாஷ், எது சரி?

குவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலர். காய்ந்தாலும் தண்ணீர் தொட்டால் பேலட்டில் மறுபடி இளகும், தப்பை மேலே பூசி மறைக்கலாம். ஒரே தொல்லை, காய்ந்ததும் நிறம் மாறும்: வெளிர் நிறங்கள் கொஞ்சம் அடர்த்தியாகும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஆயிலில் எனக்கு ஆசை அதிகம், ஆனால் காயாத படங்களை மாதம் முழுக்க எங்கே அடுக்குவது?

எத்தனை நிறம் வாங்க வேண்டும்?

அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா. இரண்டே டியூப். இவை ஒன்றுக்கொன்று எதிர் நிறங்கள் என்பதால் கலந்தால் சூடான பழுப்பிலிருந்து குளிர்ந்த சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு வரை எல்லாம் வரும். முதல் மாதத்துக்குப் போதும். மனித முகம் வரையப் போகிறீர்கள் என்றால் ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் பெயரால் வழங்கும் தொகுப்பு இருக்கிறது: மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை. அதில் நீல டியூபே கிடையாது, கறுப்பில் வெள்ளை கலந்தால் பக்கத்து நிறத்தைப் பொறுத்து நீலமாகத் தெரியும். முதல் தடவை செய்து பார்த்தபோது நம்பவே முடியவில்லை.

போட்டோ பார்த்து வரைந்தால் தப்பா மேடம்?

நீங்கள் எடுத்த போட்டோ என்றால் தப்பில்லை. அடுத்தவர் எடுத்தது என்றால் அனுமதி வேண்டும், வெளியே காட்டும்போது அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் போட்டோவில் நிழல் பகுதி ஒரே கறுப்பாக அடைந்துவிடும். நேரில் அதற்குள் இரண்டு மூன்று நிறம் தெரியும். மேசை மேல் இருக்கும் சாவி ஆயிரம் போட்டோவுக்குச் சமம்.

ஓவியங்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. “இதையெல்லாம் எங்கே வைக்கப் போகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள்.

செருப்புப் பெட்டியில். போஸ்ட்கார்டு அளவு என்றால் இருநூறும் ஒரே பெட்டியில் நிற்கும், பெரிய கேன்வாஸ் வரைகிறவர்கள் பொறாமைப்படுவார்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, தலைப்பு, எடுத்த நிமிடம், அன்றைய பாடம். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரிந்தாலும் தெரியும். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் சின்னச் சின்னதாக வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்னால் தேதி, மணி, காற்று எந்தத் திசை என்று குறித்திருக்கிறார். படம் எப்படி வந்தது என்பதைவிட அப்போது என்ன பார்த்தோம் என்பது பிறகு உதவும்.

லைக்கே வருவதில்லை. உற்சாகம் போய்விடுகிறது.

தினமும் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துப் படங்களைத் தரையில் பரப்பி, ஒன்றை மட்டும் எடுத்துப் போடுங்கள். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கற்பது லைக்கில் கிடைக்காது.

பிடிக்காததைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். பழைய அட்டையில் எல் வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிராக வைத்து ஒரு சட்டம் மாதிரி பிடித்து, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். முழுப் படம் தோற்றிருந்தாலும் உள்ளே எங்கேயோ ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கும். போன மாதம் பெட்டியைக் குடைந்தபோது ‘குடை’ தலைப்புக்கு வரைந்த ஒன்று கிடைத்தது. விரித்த குடை, அதன் கீழே ஓர் ஆள், பின்னால் தெரு, எல்லாம் திணித்து ஒன்றும் உருப்படவில்லை. எல் துண்டுகளை வைத்து நகர்த்தினேன். கீழ் மூலையில் ஈரத் தரையில் குடையின் சிவப்பு பிரதிபலித்த இடம், இரண்டு அங்குலம் இருக்கும், அப்படியே நின்றது. நிதானமாக உட்கார்ந்து வரைந்தால் எனக்கு அது வராது. வெட்டி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். மாட்டுவதற்கு முன் திருப்பிப் பார்த்தேன், பின்னால் என் கையெழுத்தில் பாதி வாக்கியம் மிஞ்சியிருந்தது: ‘25 நிமிடம். சுத்தக் குப்’.