ஆண்டவன் ஓரவஞ்சனை செய்தானா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறேன். உயர்தரப் பரீட்சை இரண்டு முறை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பெரியம்மாவின் மகள் பேராதனையில் மருத்துவம் படிக்கிறார். அந்த அக்காவைக் காட்டி அம்மா என்னை நாள்தோறும் பேசுகிறார். அண்மையில் புதிதாக வந்த ஒரு பிள்ளை உறங்காமல் அழுதுகொண்டே இருந்தது. அதன் தாயுடைய பழைய சேலையை வாங்கித் தொட்டில் கட்டியதும் உறங்கிவிட்டது. இப்படிப் பிள்ளை பார்ப்பதை விட்டால் எனக்கு ஒன்றும் வராது. ஆண்டவன் எனக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்துவிட்டானா?
(ஒரு வாசகி, மஸ்கெலியா)

பதில்: ஓரவஞ்சனை நடந்திருக்கிறது, சகோதரி, ஆனால் அதைச் செய்தது நீங்கள்தான். அக்காவிடம் இருப்பதைத் திறமை என்று ஏற்றுக்கொண்டு, உங்களிடம் இருப்பதைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளிவிட்டீர்கள்.

அந்தச் சேலைத் தொட்டிலைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தாய் விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பேரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையோடு மலை ஏறியாக வேண்டும். பிள்ளையோ அறியாத இடத்தில், அறியாத முகங்களுக்கு நடுவில் விடப்பட்டிருக்கிறது. இப்படி அழும் பிள்ளைக்குப் பெரும்பாலானோர் பால் கரைத்துக் கொடுப்பார்கள், தோளில் போட்டுத் தட்டுவார்கள், கடைசியில் அதட்டுவார்கள். அது தேடுவது தாயின் வாசனையை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தன் தாயின் மணத்தை இனங்கண்டுகொள்ளும் என்பதை ஆய்வு செய்துதான் அறிந்தார்கள். நீங்கள் ஒரு பிள்ளையைக் கூர்ந்து பார்த்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அன்று அந்தத் தாயும் மலையில் மனம் அலையாமல் கொழுந்து பறித்திருப்பார். இதைத்தான் ஒன்றும் வராது என்று எழுதுகிறீர்கள்.

உங்களுக்கு இது சிரமமில்லாமல் வருகிறது, அதனால்தான் பெரிதாகத் தெரியவில்லை. அக்காவுக்கு உயிரியல் பாடம் அப்படி வந்திருக்கலாம். அவர் உழைத்துப் பெற்ற இடத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் நல்ல மருத்துவராக வரவேண்டும், அவரைப் போன்றோர் மலையகத்துக்கு இன்னும் நிறையத் தேவை. ஆனால் அவருடைய இடத்தில் உங்களை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கும் வரை உங்கள் இடம் வெறுமையாகத்தான் தெரியும்.

முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் 14 வயது வரை மிதவேகமாகப் பந்து வீசியவர், பயிற்றுநர் சொல்லித்தான் சுழற்பந்துக்கு மாறினார். அவருக்குப் பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை. 1995 இல் மெல்பேர்ன் மைதானத்தில், பந்தை எறிகிறார் என்று நடுவர் மீண்டும் மீண்டும் ‘நோ போல்’ கொடுத்தார். மற்றவர்களின் கை தனக்கு இல்லையே என்று அன்றே ஒதுங்கியிருந்தால், 2010 இல் காலியில் 800 ஆவது டெஸ்ட் விக்கெட் விழுந்திருக்காது. இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது அந்தப் பயிற்றுநர்தான். தன்னிடம் இருப்பது இன்னதென்று அந்த மாணவனுக்கே தெரிவதற்கு முன்னால் வேறொருவர் கண்டு சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அதைச் சொல்லக்கூடியவர்கள் காலையில் பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகும் தாய்மார். அவர்களைக் கேளுங்கள்.

அம்மாவைக் கோபிக்க வேண்டாம். லயத்து வரிசை வீட்டு வாழ்க்கையிலிருந்து பிள்ளை கரையேற அவருக்குத் தெரிந்த வழி படிப்பு ஒன்றுதான்.

ஒப்பிடுவதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரான நம்மவர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டபோது, மற்றவர்களுக்கு இருக்கும் உரிமை எங்களுக்கு ஏன் இல்லை என்று ஒப்பிட்டுக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் குடியுரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை வந்து சேர்ந்தோம். உரிமையையும் சம்பளத்தையும் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். பிள்ளை பார்ப்பது ஆண்டவன் தந்த கொடை, அதற்குப் போய் யாராவது கூலி கேட்பார்களா என்று எவராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

கொடை கிடைத்துவிட்டது என்று அப்படியே இருந்துவிடவும் கூடாது. முரளிதரன் வலையில் வீசிய பந்துகளுக்குக் கணக்கில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்விக்கான பாடநெறிகள் இருக்கின்றன. வேலையை விடாமலே படிக்கலாம். பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளையை எப்படி அறிவது, எடை கூடாத பிள்ளைக்கு என்ன உணவு கொடுப்பது என்பவற்றை முறையாகக் கற்றால், இப்போது உள்ளுணர்வால் செய்வதைக் காரணம் அறிந்து செய்வீர்கள். விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்புங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் பிரதியை இணைத்து, சம்பளத்தைத் திருத்தித் தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.