28 வயதில் பல்லுக்குக் கம்பி: மலையில் இருந்துகொண்டு சரிப்படுமா?

கேள்வி இதுதான்: "வயது 28. குன்னூர் பக்கம் இருக்கிறேன். மேல்வரிசைப் பற்கள் துருத்திக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஆறு மாதத்தில் கல்யாணம். இப்போது கம்பி போட்டால் அதற்குள் முடியுமா? மாதாமாதம் கீழே போய்வர வேண்டுமாமே, அது நடக்கிற காரியமா?"

ஆறு மாதத்தில் முடியாது. போட்டுக்கொள்ளலாமா என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கம்பி, என்ன விலை என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டிலிருந்து அந்த கிளினிக்குக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று பாருங்கள். நான் இரண்டு தடவை கம்பி போட்டவள். முதல் தடவை வீணாய்ப் போனதற்குக் கம்பி காரணமில்லை. ரோடு பாதி, என் சோம்பல் பாதி.

எனக்கு ஊர் கோத்தகிரி. 2009-ல் எனக்கு 14 வயது. "தெத்துப்பல் அதிர்ஷ்டம், அதுல கை வெக்காதீங்க" என்று பாட்டி சண்டை போட்டும் அப்பா கேட்கவில்லை. அவர் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரியில் பணம் வந்தால்தான் என் பல்லுக்குத் தவணை. கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கில் ஆகஸ்டில் கம்பி போட்டார்கள். நவம்பரில் அந்த மழை. நீலகிரிக்காரர்களிடம் 2009 நவம்பர் என்றால் போதும், மேலே சொல்ல வேண்டாம். மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலைச் சாலைகள் அங்கங்கே அறுந்து கிடந்தன. அந்த நேரத்தில் பல்லைப் பற்றி யார் பேசுவார்கள்? அப்புறம் பரீட்சை, அப்புறம் அப்பாவிடம் பணமில்லை. நாங்கள் மறுபடி கிளினிக் படியேறியது பிப்ரவரியில். அதற்குள் ஒரு பிராக்கெட் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டுகிற சின்னத் துண்டு) கழன்று, கம்பி முனை கன்னத்தின் உள்பக்கம் குத்திப் புண்ணாகியிருந்தது. டாக்டரும் மாறியிருந்தார். புதியவர் ஃபைலைப் புரட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படி இழுத்து இழுத்து, பிளஸ் டூ முடிந்ததும் "போதும், கழற்றிடுங்க" என்று நானே சொல்லிவிட்டேன். பல் பழையபடி நகராமல் பிடித்துவைக்க மாட்டிக்கொள்ளும் ரிடெய்னர் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் முதல் மாதத்தோடு அது டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. இருபத்தைந்து வயதில் கண்ணாடியைப் பார்த்தால் பாட்டியின் அதிர்ஷ்டம் திரும்பி வந்திருந்தது.

மாதாமாதம் ஏன் போக வேண்டும் என்பது எனக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது. பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி ஒரு பக்கமாக அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் அப்படியே ஊர்ந்து போகிறது. இடைவெளியை மூடும்போது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். "இன்னும் டைட்டா முடுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்று நான் கேட்டதுண்டு. அளவுக்கு மீறி அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் பல் நகர்வதே தாமதமாகும் என்றார். வேருக்கும் கெடுதல். ஆக அவசரப்படுத்த வழியில்லை, பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம்.

இரண்டாம் தடவை, 2022 ஜூனில், கோயம்புத்தூரை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் பார்த்தேன். கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர், ஒரே பஸ். அரை நாள் லீவு போதும். மேலேயும் கிளினிக் இல்லாமலில்லை. ஆனால் சிறிய ஊர்களில் பல கிளினிக்குகளுக்குப் பல்சீரமைப்பு நிபுணர் மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வந்துபோவார். அது தப்பில்லை. எந்த நாள் வருவார், நடுவில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள், இரண்டு வருடமும் இவரே இருப்பாரா என்று முதல் நாளே வெட்கப்படாமல் கேளுங்கள். பி.டி.எஸ். முடித்து, அதற்குமேல் பல்சீரமைப்பில் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவரா என்பதையும் கேளுங்கள்.

பஸ் ஒன்றுதான் என்றாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் ரோட்டில் யானை நிற்கும். ஒரு தடவை முக்கால் மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். போன் செய்து "யானை டாக்டர்" என்றால் அவர் நம்பினார், பக்கத்து சீட்காரர்தான் சிரித்தார். மழைக்காலத்துக்கு முன், அக்டோபர் விசிட்டில், அவரே எல்லா பிராக்கெட்டையும் அசைத்துப் பார்த்து, கம்பி முனையை உள்பக்கம் மடித்து, கம்பி குத்தினால் அதன்மேல் ஒட்டிக்கொள்ள மெழுகு டப்பா இரண்டு கூடுதலாகக் கொடுத்து அனுப்புவார். ஒரு மாதம் தவறினால் குடி முழுகாது, மூன்று மாதம்தான் கூடாது.

வலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிராக்கெட் ஒட்டும்போது வலிக்கவே வலிக்காது. பல்லில் ஏதோ ஜெல் தடவிக் கழுவி, பசை வைத்து, நீல விளக்கைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். வலி அன்று சாயங்காலம் வரும், மூன்று நான்கு நாள் தங்கும். அந்த நாட்களில் ரசஞ்சாதம்கூட மெல்ல முடியாது. ஒரு பாரசிட்டமால் போதும். அதைவிட மோசம், அதற்கு ஒரு வாரம் முன்னால் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் செருகுகிற சின்ன ரப்பர் வளையம். பல்லிடுக்கில் கறித்துண்டு மாட்டி எடுக்கவே முடியாமல் போனால் எப்படி இருக்கும், அது ஒரு வாரம்.

ஒரு வேடிக்கை. முதல் சில மாதம் போடுகிற மெல்லிய கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அதில் ஒரு வகை, குளிர்ந்தால் இளகும், சூடேறினால் விறைத்துக்கொண்டு தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். எனக்குப் போட்டது அந்த வகை. ஜனவரிக் குளிரில் கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கும்போதெல்லாம் பல்லை யாரோ முறுக்குவது போலிருந்தது. முதலில் பல்கூச்சம் என்று நினைத்தேன். டாக்டர் விளக்கியபிறகு, வலிக்கிற நாளில் பச்சைத்தண்ணீரை ஒரு வாய் வைத்துக்கொள்வேன், சட்டென்று இளகிவிடும். டீயை மட்டும் விட முடியவில்லை.

சாப்பாட்டில் நம் ஊர்தான் எதிரி. ஊட்டி கேரட்டைக் கழுவிக் கடிப்பது போயிற்று. அம்மா துருவித் துருவிக் கொடுத்தார். சுட்ட சோளக்கதிர் கூடாது. வர்க்கியை டீயில் முக்கி ஊறவைத்தால் தின்னலாம், அதன் சுகமே போய்விட்டாலும். நாட்டுப் பேரிக்காயை ஒருநாள் ஆசையாகக் கடித்தேன், பிராக்கெட் தெறித்தது. "ஏம்மணி, கேரட்டா, பேரிக்காயா?" என்றார் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே. திரும்ப ஒட்ட 300 ரூபாய். பிராக்கெட்டைச் சுற்றித் தேய்க்காமல் விட்டால், கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டு தெரியும். அது லேசில் போகாது. இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இடநெருக்கடியும் துருத்தலும் சேர்ந்திருப்பதால், நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கச் சொல்லக்கூடும். எனக்குச் சொன்னார்கள். நல்ல பல்லை எதற்குப் பிடுங்குவது என்று நானும் அழுதேன். ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீட்டர் இடம் தருகிறது, முன்பற்கள் பின்னால் போக வேறு எங்கே இடம்? இருந்தாலும் எக்ஸ்ரேவும் பல் அச்சும் எடுத்துப் பார்க்காமல், எட்டிப் பார்த்துவிட்டு நான்கு பல் என்று சொல்கிறவரிடம் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

செலவு, எனக்கு உலோகக் கம்பிக்கு 42,000. முதலில் 12,000, மீதி மாதாமாதம். கம்பியே இல்லாத பிளாஸ்டிக் உறையும் உண்டு. விசிட் குறைவு என்பதால் மலைக்காரர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். என்னிடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். ஒரு நாளில் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். ரிடெய்னரைப் பெட்டிக்குள் போட்டவள் அதற்கு லாயக்கில்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் ஏறியிருந்த பல் ஓரளவு வரிசைக்கு வந்திருக்கும், துருத்தல் அப்படியேதான் இருக்கும். பிடுங்கிய இடம் ஓட்டையாகத் தெரியவும் வாய்ப்புண்டு. கல்யாணத் தேதியை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். பல்நிற செராமிக் பிராக்கெட் போட்டால் போட்டோவில் அவ்வளவாகத் தெரியாது. இல்லை, கல்யாணம் முடிந்தபிறகே ஆரம்பியுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் இருக்கப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். பாதியில் டாக்டர் மாறினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று.

2024 மார்ச்சில் எனக்குக் கழற்றினார்கள். கீழ்வரிசைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிட்டார். மேலுக்குக் கழற்றி மாட்டுகிற ரிடெய்னர். ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்கூட ஆகும், அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். இப்போதும் இரவில் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். வெளியே சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில் போடுங்கள், டிஷ்யூ பேப்பரில் சுற்றாதீர்கள். என்னுடையது ஒன்று மேட்டுப்பாளையத்தில் ஒரு ஹோட்டல் இலையோடு போய்விட்டது. சர்வர் அண்ணன் பாவம், தொட்டியைக் கவிழ்த்தே தேடினார், கிடைக்கவில்லை. புதிது செய்ய 2,500 ரூபாய்.